17 அங்குல றிம், ரொறன்ரோக் கிடங்கு: சஸ்பென்ஷனைக் காப்பாற்ற என்ன வழி?

நவம்பர் 9

குளிர்காலத்தில் சஸ்பென்ஷனை, அதாவது றோட்டின் அடியைக் காருக்கு ஏற்றாமல் தாங்குகிற ஸ்பிரிங் வகையறாவை, காப்பாற்ற ஒரே வழிதான் இருக்கிறது. றிம்மை (ரயர் ஏறுகிற உலோக வளையம்) சிறிதாக்கு, ரயரைத் தடிப்பாக்கு. மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

என்னுடையது 2016 ரொயோட்டா கொரோலா எஸ் கார். செக்கன்ஹான்டில் வாங்கும்போதே 17 அங்குல அலோய் றிம். வடிவுக்குக் குறைவில்லை. போன பெப்ரவரி விடிய ஐந்தரைக்கு வேலைக்குப் போகிறேன், றோட்டில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. தண்ணீர்தானே என்று ஏற்றினேன். அது கிடங்கு. வலது முன்சில்லு இறங்கி ஏறின அடியில் கையிலிருந்த கோப்பி முன்கண்ணாடியில். ரயரின் பக்கச்சுவரில் கோழிமுட்டை அளவு புடைப்பு, றிம்மின் உள்விளிம்பு மடிந்துவிட்டது, ஸ்வே பார் லிங்க் (வளைவில் கார் சாயாமல் பிடிக்கிற கம்பியின் இணைப்பு) ஆட்டம், சில்லு நேராக நிற்கிற அலைன்மென்ற் கோணல். எல்லாம் சேர்த்து 1,140 டொலர்.

இப்போது கணக்கைப் பாருங்கள். என்னுடைய ரயர் 215/45-17. 215 மில்லிமீற்றர் அகலத்தில் 45 சதவீதம்தான் பக்கச்சுவரின் உயரம், அதாவது 97 மில்லிமீற்றர். இதே காரின் அடிமட்ட மொடலுக்கு கொம்பனியே போட்டுவிட்டது 195/65-15. அதன் பக்கச்சுவர் 127. சில்லின் மொத்த உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் றிம்முக்கும் றோட்டுக்கும் நடுவில் 30 மில்லிமீற்றர் ரப்பரும் காற்றும் கூட. நான் 15க்குப் போகப் போகிறேன். செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

நவம்பர் 10

இரண்டு பேர் ஒரே கேள்வி: எஸ் மொடலின் பிரேக் கலிப்பர் (பிரேக் தட்டைக் கவ்வுகிற சாமான்) 15 அங்குல றிம்முக்குள் அடங்குமா? நல்ல கேள்விதான். நான் யோசிக்கவில்லை. போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

நவம்பர் 12

15 இல்லை, 16 எடுத்தேன். 205/55-16 வின்ரர் (குளிர்கால) ரயர், கறுப்பு இரும்பு றிம், நாலும் ஒரே ஆளிடம். ஒரு வின்ரர்தான் ஓடினது. பக்கச்சுவர் 113. ஆக முதல் குறிப்பில் 30 மில்லிமீற்றர் என்று அடித்துவிட்டது இப்போது 16 ஆகிவிட்டது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். பெருவிரல் அகலம் கூட இல்லை என்று மனைவி அளந்து காட்டிவிட்டாள்.

இரும்பு றிம் ஏன் என்று கேட்டவருக்கு: அடி விழுந்தால் இரும்பு நெளியும், அலோய் வெடிக்கவும் செய்யும். நெளிந்ததைத் தட்டி எடுக்கலாம். உப்பில் தோல் உரிந்தாலும் மனம் நோகாது.

நவம்பர் 17

இன்று சில்லு மாற்றினோம், தெரிந்த மெக்கானிக் அண்ணையின் கராஜில். அண்ணை ஊரில் கோண்டாவில் டிப்போவில் பஸ்ஸுக்குக் கீழே படுத்துத் தொழில் பழகினவர். இங்கே வந்து முப்பது வருடம். இன்னமும் எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் குனிந்து கீழேதான் பார்ப்பார். வணக்கம் பிறகு.

நட்டெல்லாம் கழன்றுவிட்டது, பின்சில்லு இரண்டும் கழரவில்லை. றிம்மும் அது ஏறி உட்காருகிற ஹப்பும் துருவில் ஒட்டிப் பிடித்திருந்தன. ரயரின் பக்கத்தில் காலால் மாறிமாறி உதைத்துத்தான் எடுத்தோம். (கார் ஸ்ராண்டில் வடிவாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு உதையுங்கள். ஜக்கில் மட்டும் நிற்கிற காரை உதைக்கிற ஆளுக்கு நான் ஆலோசனை சொல்லப்போவதில்லை.) ஹப்பின் முகத்தைக் கம்பிப் பிரஷால் தேய்த்துவிட்டு, திரும்ப ஒட்டாமல் இருக்க அன்ரி சீஸ் என்கிற பசையை மெல்லிசாகப் பூசினோம். ஹப்பில் மட்டும். நட்டு ஏறுகிற புரியில் பூசினால் றென்ச் காட்டுகிற கணக்குப் பிழைத்துவிடும், மிஞ்சி இறுகிவிடும். நட்டை இறுக்குகிற அளவு இந்தக் காருக்கு 103 நியூட்டன் மீற்றர். 100 கி.மீ. ஓடிவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னார்.

அண்ணை கீழே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். லிங்க், பால் ஜொயின்ற், டை றொட் என்று சில்லைப் பிடிக்கிற இணைப்பெல்லாம் சரி. வலது முன் ஸ்பிரிங்கில் ஏதோ துரு என்றார். என்னுடைய 1,140 டொலர் தத்துவத்தை அவருக்கு விளங்கப்படுத்தினேன். கேட்டுவிட்டு ஒரே வசனம்தான் சொன்னார்: "தம்பி, காருக்கு முதல் ஸ்பிரிங் ரயருக்குள்ள இருக்கிற காத்து. அது தாங்காததைத்தான் இரும்பு தாங்குது."

என்னுடைய கட்சிக்கு ஆள் சேர்ந்துவிட்டது என்ற புளுகத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 3

காற்று. முதல் ஸ்பிரிங் காற்று என்றால் அதைக் கொஞ்சம் இளக்கினால் இன்னும் மெத்தென்று போகும்தானே? கதவடியில் ஒட்டியிருக்கிற தாளில் கொம்பனி போட்ட காற்றளவைவிட 4 பிஎஸ்ஐ (காற்றழுத்தக் கணக்கு) குறைத்து விட்டேன். என்ன சொல்ல, வித்தியாசம் தெரிகிறது. பழைய மொறிஸ் மைனரில் போகிற மாதிரி மிதக்கிறது. எல்லாரும் செய்து பாருங்கள்.

டிசம்பர் 20

மேலே டிசம்பர் 3 குறிப்பைச் செய்ய வேண்டாம். அழிக்காமல் விடுகிறேன், என் மொக்குத்தனத்துக்குச் சாட்சியாக.

நேற்று விடிய மைனஸ் 17. காரை எடுத்த கையோடு காற்று விளக்கு மஞ்சளாக எரிந்தது. அளந்தால் நாலிலும் தாளில் உள்ளதைவிட 9, 10 பிஎஸ்ஐ குறைவு. காற்று களவு போகவில்லை. வெப்பம் ஏறத்தாழ 6 பாகை இறங்க ரயரில் 1 பிஎஸ்ஐ இறங்கும். நான் காற்றுப் பார்த்த அன்று வெளியில் பிளஸ் 12, வெயில் வேறு. அங்கிருந்து மைனஸ் 17 வரை 29 பாகை. 5 பிஎஸ்ஐ தானாகப் போனது, 4 நானாக விட்டது, மிச்சம் ஓட்டத்தில் கசிந்தது. விளக்கு எரிவதே தாளில் உள்ளதைவிட 25 சதவீதம் குறைந்த பிறகுதான். விளக்கை நம்பிக் காத்திருக்கிறவன் அதுவரைக்கும் வெறும் றிம்மில் ஓடாத குறை.

அண்ணையிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, பழைய ரயர் ஒன்றைக் காட்டினார். உள்ளே பக்கச்சுவரில் இரண்டு வெட்டு, பாம்பு கொத்தின மாதிரி இணையாக. காற்றுக் குறைந்த ரயர் கிடங்கில் இறங்கினால் கிடங்கின் விளிம்புக்கும் றிம்முக்கும் நடுவில் ரப்பர் நசுங்குகிறது. பக்கச்சுவர் எவ்வளவு உயரம் இருந்தாலும் அதை நிமிர்த்தி வைத்திருப்பது காற்றுத்தான். 16 மில்லிமீற்றருக்கு 600 டொலர் கொடுத்தவன், சும்மா கிடைக்கிற காற்றை விட்டிருக்கிறேன்.

இப்போது மாதம் இரண்டு தரம், விடிய, கார் ஓடுவதற்கு முதல் அளக்கிறேன். ஓடி வந்து சூட்டில் அளந்தால் கூடக் காட்டும்.

டிசம்பர் 21

காற்றைக் கூட்டிவிட்டால் நல்லதா என்று கேட்டவருக்கு: இல்லை. கல்லாகிவிடும், அடி முழுக்க மேலே சொக்குக்கு (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற எண்ணெய்க் குழாய்) போகும், பனியில் பிடிமானமும் குறையும். தாளில் உள்ளது. அவ்வளவுதான்.

ஜனவரி 6

மைனஸ் 22. காரை வெளியில் எடுக்கும்போது முன்னுக்குப் பழைய கதவு திறக்கிற மாதிரிக் கிரீச். வேகத்தடையில் ஏறினால் மரக்கட்டில் ஆடுகிற சத்தம். சொக் போய்விட்டது, இன்னொரு ஆயிரம் என்று வயிற்றைக் கலக்கியது. பத்து நிமிடம் ஓடினதும் பாதி குறைந்தது. சாயந்தரம் மைனஸ் 6 ஆனதும் முழுக்க நின்றது.

கன்ட்ரோல் ஆம் (சில்லைக் காரோடு பிடிக்கிற இரும்புக் கை), ஸ்வே பார் இரண்டின் மூட்டிலும் உள்ள புஷ் எல்லாம் ரப்பர். கடுங்குளிரில் இறுகிவிடும். சொக்குக்குள் இருக்கிற எண்ணெயும் தடித்துப்போகும், அதனால் அது உடனே அமுங்காது. முதல் சில நிமிடம் முழுக் காருமே மரத்துப்போய் இருக்கிறது. அந்த நேரத்தில் கிடங்கில் விட்டால் ஒன்றும் வளைந்து கொடுக்காது. நிற்பாட்டி வைத்து எஞ்சினைச் சூடாக்கினால் சஸ்பென்ஷன் சூடாகாது, அது ஓடினால்தான் இளகும். முதல் ஐந்தாறு தெரு மெதுவாக. காலையில் ஐந்து நிமிடம் முந்தி எழும்பினால் போதும் என்று மனைவி சொல்கிறாள். காருக்காகச் சொல்கிறாளா எனக்காகவா தெரியவில்லை.

ஜனவரி 7

சென்னை நண்பர் ஒருவர் இதை ஆரம்பத்திலிருந்து வாசித்துவிட்டுக் கேட்கிறார்: "ரொறன்ரோவில் ரோட்டு நடுவிலா கிடங்கு கட்டி வைத்திருக்கிறார்கள்? சரக்கு என்ன?" ஐயா, எங்கள் ஊரில் கிடங்கு என்றால் குழி. உங்கள் ஊரில் கோடவுன். இரண்டு மாதமாக நான் கோடவுனுக்குள் காரை விட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார் மனுசன். சில கிடங்குகளின் அளவைப் பார்த்தால் அவர் சொல்வதும் பிழையில்லை.

ஜனவரி 15

இது எழுத வெட்கம். ஆனாலும் எழுதுகிறேன், ஒருத்தருக்காவது 80 டொலர் மிஞ்சும்.

சனிக்கிழமை நல்ல சினோ (பனிப்பொழிவு). ஞாயிறு 401 நெடுஞ்சாலையில் ஏறினேன், 80 தாண்டினதும் ஸ்டியரிங் உதறத் தொடங்கியது. 100இல் பல்லுக் கிட்டினது. றிம் வளைந்துவிட்டது என்று முடிவு கட்டி, திங்கள் வேலைக்கு அருகில் ஒரு கடையில் விட்டு நாலு சில்லும் பலன்ஸ் பண்ணச் சொன்னேன். 80 டொலர். நடுக்கம் போய்விட்டது. இன்று அண்ணையிடம் பெருமையாகச் சொன்னால் அவர் கேட்கிறார்: "றிம்முக்குள்ள சினோ இருந்ததோ பாத்தனியோ?"

பார்க்கவில்லை. இரும்பு றிம்மின் உள்பக்கம் குழிவாக இருக்கும், பனி அதற்குள் போய் ஒரு பக்கமாக உறைந்து நிற்கும். நூறு, இருநூறு கிராம் போதும் உதற. கடைக்காரர் கழற்றும்போது அது விழுந்திருக்கும், அல்லது சூட்டில் கரைந்திருக்கும். கையால் தட்டிவிட்டிருந்தால் முடிந்த வேலை.

அதேபோல சில்லுக்குப் பின்னால் மண்மறைப்பில் தொங்குகிற கறுத்த பனிக்கட்டி. வளைக்கும்போது ரயரில் உரசும். காலால் உதைத்து விழுத்துவது கனடாவில் தேசிய விளையாட்டு. மைனஸ் 20இல் உதைக்க வேண்டாம், பிளாஸ்ரிக்கும் சேர்ந்து விழும். என்னுடைய பின் வலது மண்மறைப்பு இப்போது பாதிதான்.

ஜனவரி 16

"அப்ப உர்ர்ர் என்று ஒரு சத்தம், வேகம் கூடக் கூடக் கூடுது, அதுவும் சினோவா?" என்று கேட்டவருக்கு. வின்ரர் ரயரே கொஞ்சம் உறுமும், அதனால் குழம்பும். 60இல் நேராகப் போய், பாதுகாப்பான இடத்தில் மெல்ல இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். இடப்பக்கம் திருப்பும்போது கூடினால் பாரம் வலப்பக்கம் ஏறுகிறது, வலது வீல் பெயரிங்கைச் சந்தேகப்படலாம். சத்தம் மாறவே இல்லை என்றால் ரயராக இருக்கும். சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் கடக் கடக் என்றால் முதலில் ஸ்வே பார் லிங்க். மலிவான சாமான், அதுதான் அடிக்கடி போவதும். இது என் அனுபவம். காரைப் பார்க்காமல் சொல்கிற வைத்தியம், அந்த அளவில் எடுங்கள்.

ஜனவரி 23

வேலைத்தலத்துப் பெடியன் ஒருத்தன் இன்று காரை இழுத்துக்கொண்டு போகிறான். கிடங்கு இல்லை. வளைவில் வழுக்கி, பக்கவாட்டாக றோட்டுக் கரைக்கல்லில் போய் இடித்திருக்கிறான். வேகம் இருபது கூட இல்லை என்கிறான். முன்சில்லு ஒன்று வாத்தின் கால் மாதிரி வெளியே பார்க்கிறது. கன்ட்ரோல் ஆம், டை றொட், நக்கிள் என்று சில்லைப் பிடிக்கிற மூன்றும் போய்விட்டது.

சஸ்பென்ஷன் மேலும் கீழும் ஆடச் செய்த சாமான். பக்கவாட்டு அடிக்கு அதில் இடமே இல்லை. ரயர் 97 என்ன, 127 என்ன, அங்கே ஒன்றும் உதவாது. அவனுடைய ரயர் நாலு பருவத்துக்குமான ரயர். ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் கட்டாயமில்லை, கியூபெக்கில் கட்டாயம். 7 பாகைக்குக் கீழே சாதாரண ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும். வின்ரர் ரயரையும் சஸ்பென்ஷன் சாமான்களுக்குள் சேர்க்க வேண்டும் போல. "ஒரே வழி" என்று நவம்பரில் எழுதினதை இனி "ஒரு வழி" என்று வாசியுங்கள்.

(இன்னொன்று: போட்டிருந்தால் இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் 2016 முதல் வின்ரர் ரயருக்குக் கழிவு கொடுத்தே ஆகவேண்டும். நான் இரண்டு மாதம் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.)

பெப்ரவரி 2

உப்பு. பருத்தித்துறையில் கடற்கரையிலிருந்து நூறு யார் தள்ளி வளர்ந்தவன் நான். அப்பாவின் றலி சைக்கிளுக்கு வெள்ளிக்கிழமை தோறும் தேங்காயெண்ணெய் போடுவது என் வேலை. கடற்காற்று இரும்பைத் தின்னும் என்று அப்பா சொல்வார். இங்கே கடல் இல்லை, ஆனால் றோட்டே உப்பளம். ஆனையிறவைக் கொண்டுவந்து 401இல் கொட்டின மாதிரி. அந்தச் சைக்கிளுக்குக் காட்டின அக்கறையில் பாதியைக்கூட இந்தக் காருக்கு நான் காட்டவில்லை என்று இன்றுதான் உறைத்தது.

உப்பு பனியை இளக்குவது ஓரளவு குளிர் வரைக்கும்தான். மைனஸ் 10ஐத் தாண்டினால் கைகொடுப்பது குறைவு. அதனால் காருக்கு மோசமான நாள் கடுங்குளிர் நாள் இல்லை, பூச்சியத்தை ஒட்டிய ஈரநாள். உப்புத் தண்ணீர் ஸ்பிரிங்கின் இருக்கைக்குள், சப்பிரேம் என்கிற அடிச்சட்டத்தின் மடிப்புக்குள், பிரேக் குழாயின் கிளிப்புக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

சூடான கராஜில் விடுவது காருக்கு நல்லது என்று நானும் நம்பியிருந்தேன். துருவுக்கு அது விருந்து. வெளியில் உறைந்து கிடந்தால் வேலை மெதுவாக நடக்கும், உள்ளே இளகி ஈரமாக நின்றால் இரவு முழுக்க நடக்கும்.

நான் செய்வது: பூச்சியத்துக்கு மேலே போகிற நாளில் அடிப்பக்கம் கழுவுகிற கடைக்கு. அதோடு இலையுதிர் காலத்தில் ஒருக்கா அடியில் எண்ணெய் அடிப்பது. குரோன், ரஸ்ட் செக் என்று இங்கே எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள், வருடம் ஒருதரம் அடிக்க வேண்டும். "நான் செய்வது" என்று எழுதிவிட்டேன். இந்த வருடம் அடிக்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை.

பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். வேண்டாம், மண்ணுக்கும் கேடு, புஷ் ரப்பரையும் ஊதவைக்கும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள். என் காருக்கு உள்ளளவு எவ்வளவு நாள் என்பதுதான் தெரியவில்லை.

பெப்ரவரி 18

கிடங்குக் காலம் தொடங்கிவிட்டது. பகலில் பிளஸ் 4, இரவில் மைனஸ் 8. தாரின் வெடிப்புக்குள் தண்ணீர் இறங்குகிறது, இரவில் உறைகிறது. உறையும்போது பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும், தார் மேலே எழும்பும். பகலில் இளகினதும் கீழே வெற்றிடம், மேலே லொறி. மைனஸ் 20இல் ஒரே சீராக உறைந்து கிடக்கிற ஜனவரி றோட்டுக்கு இது வருவதில்லை. மேலும் கீழும் ஆடுகிற பெப்ரவரி கடைசி, மார்ச்தான் ஆபத்து. அந்த நேரத்தில் கிடங்குக்குள் போடுவது அனேகமாகக் குளிர்க் கலவை, சூடான தார் மாதிரிப் பிடிக்காது. ஒரு சினோ, ஒரு பனிவாரி, திரும்பவும் கிடங்கு.

ஓட்டுகிற விதம் பற்றி ஒருவர் "வேகமாகப் போனால் சில்லு இறங்க முதல் தாண்டிவிடலாம்" என்று எழுதியிருந்தார். சின்னக் கிடங்கில் அது உண்மை போலத் தெரியும். சில்லு இறங்க நேரம் கிடைத்துவிட்டால், மறுகரையில் இடிக்கிற அடி வேகத்தோடு ஏறும். எது சின்னது, எது பெரிது என்று தண்ணீருக்கு மேலே இருந்து யாருக்குத் தெரியும்? போன வருடம் நான் அதைத்தான் படித்தேன், 1,140 டொலர் பள்ளிக்கூடக் காசு கட்டி.

நான் செய்த மற்றப் பிழை: கண்டவுடன் பிரேக்கை மிதித்து, மிதித்தபடியே இறங்கினது. பிரேக் பிடித்தால் காரின் மூக்கு தாழும், முன் ஸ்பிரிங் ஏற்கெனவே பாதி அமுங்கிவிடும். அந்த நிலையில் கிடங்கு வந்தால் அமுங்க மிச்ச இடமில்லை. முதலே வேகத்தைக் குறை, இறங்குகிற கணத்தில் காலை எடு, ஸ்டியரிங்கை நேராகப் பிடி. சொல்லச் சுகம். கால் கேட்காது. என் மனைவிக்கு இது தானாக வருகிறது. அவள் முன்னால் போகிற காருக்கு நல்ல தூரம் விட்டு ஓட்டுகிறவள், அதனால் கிடங்கை முதலே கண்டுவிடுகிறாள். நான் ஒட்டிக்கொண்டு போகிறவன். முன்கார் தாண்டின பிறகுதான் எனக்குக் கிடங்கே பிறக்கிறது.

பெப்ரவரி 26

விழுந்தேன். இரவு, மழை, பக்கத்தில் பஸ், விலக இடமில்லை. காலை எடுத்தேனா இல்லையா நினைவில்லை. அதே வலது முன்பக்கம். இறங்கிப் பார்த்தேன்: ரயரில் புடைப்பில்லை, காற்று இருக்கிறது. றிம்மின் விளிம்பில் சின்ன நெளிவு. ஸ்டியரிங் நேராகத்தான் நிற்கிறது. 16 மில்லிமீற்றர் சம்பளம் கொடுத்துவிட்டது!! மனைவியை எழுப்பிச் சொன்னேன், அவள் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

மார்ச் 1

மேலே உள்ள ஆச்சரியக்குறிகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

இன்று விடிய மைனஸ் 14. காரைப் பின்னால் எடுத்துத் திருப்பினேன், கீழே ணங் என்று தம்புராக் கம்பி அறுந்த சத்தம். வலது முன்மூலை ஒரு விரல்கடை தாழ்ந்து நிற்கிறது. ஸ்பிரிங் உடைந்துவிட்டது. அடிச்சுற்று, முக்கால் வட்டம், கழன்று ஸ்ட்ரட்டின் (சொக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தண்டு) தட்டில் கிடக்கிறது. நல்ல காலம் ரயரைக் குத்தவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது குத்தியிருந்தால் இதை எழுத ஆளிருந்திருக்காது.

கிடங்குதான் உடைத்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பிறகு அண்ணை துண்டைக் கையில் தந்தார். உடைந்த முகத்தைப் பார்த்தால் பாதிக்கு மேலே பழைய துரு, கறுத்த மண்ணிறம். ஓரத்தில் கொஞ்சம்தான் புதுசு, வெள்ளிபோல. ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு பூச்சு இருக்கும். கல் பட்டு அது உரிந்த இடத்தில் உப்பு உட்காரும், சின்னக் குழி விழும், அங்கிருந்து வெடிக்கத் தொடங்கும். குளிர் விடியலில் ஒருநாள் கைவிடும். கிடங்கு கடைசித் தட்டுத் தட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

நவம்பர் 17 குறிப்புக்குப் போய்ப் பாருங்கள். "வலது முன் ஸ்பிரிங்கில் ஏதோ துரு என்றார்." ஒரு வரி. அதற்கு அடுத்த வரியில் என்னுடைய தத்துவத்தை அவருக்கு விளங்கப்படுத்தப் போய்விட்டேன். அண்ணை அன்றைக்குச் சொன்னது முழுக்க இது: "அடிச் சுத்தில பெயின்ற் உரிஞ்சு போட்டுது தம்பி, எண்ணெய் எண்டாலும் அடிச்சுவிடு." நான் அதை இங்கே எழுதவில்லை. காதில் விழுந்தது, கணக்கில் வரவில்லை.

மார்ச் 3

மாநகரசபையிடம் நட்டஈடு கேட்கலாமா என்று பலர். இந்தமுறை கேட்க முகமில்லை, துருவுக்கு யாரிடம் கேட்பது? போன வருடம் கேட்டிருக்கலாம். ஒன்ராறியோவில் றோட்டுப் பழுதால் வந்த சேதத்துக்கு 10 நாளுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். நான் பில்லைக் கண்டு கவலைப்பட்டுக்கொண்டே மூன்று கிழமை கழித்துத்தான் விசாரித்தேன். பிழை என்னுடையது.

கொடுத்தாலும் காசு வரும் என்று பாய் விரித்துக் காத்திருக்க வேண்டாம். றோட்டின் வகையைப் பொறுத்து மாகாண ஒழுங்குவிதி அளவு வைத்திருக்கிறது: தார் றோட்டில் 8 சென்ரிமீற்றர் ஆழம், பரப்பு 600 முதல் 1,000 சதுர சென்ரிமீற்றர், தெரியவந்த பிறகு மூட 4 நாள் முதல் 30 நாள். அந்த அளவுக்குள் நின்றால் அவர்கள் பக்கம் நியாயம். அதனால்தான் கண்டவுடன் மாநகரசபையின் 311 இலக்கத்துக்கு அடித்துச் சொல்லச் சொல்கிறார்கள், நாள் எண்ணத் தொடங்கட்டும் என்று. விழுந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டுப் படம், நேரம், இடம். யாருடைய றோட்டு என்றும் பாருங்கள். 401 மாகாணத்தின் றோட்டு. ஸ்டீல்ஸ் அவெனியூ மார்க்கம் நகரின் எல்லையில் ஓடினாலும் ரொறன்ரோவின் பொறுப்பு.

இன்சூரன்சில் கிடங்கு என்பது பெரும்பாலும் தனிக்கார் மோதல் என்றே பதியும். நாங்களே கட்டவேண்டிய முதல் பங்கு 1,000 என்றால் 1,140 பில்லுக்குப் போய்ப் பெயரைக் கெடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

மார்ச் 9

வேலை முடிந்தது. முன் ஸ்பிரிங் இரண்டும் மாற்றினது, ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு பக்கமும் இரண்டு உயரத்தில் நிற்கும். ஸ்ட்ரட் மவுன்ரும் அதோடு. நானே செய்கிறேன், ஸ்பிரிங் அமுக்கி இரவல் தாருங்கள் என்றேன். அண்ணை சிரிக்கவில்லை. அமுங்கின ஸ்பிரிங் வழுக்கினால் கை போகும், முகம் போகும் என்றார், டிப்போவில் கண்ட ஒன்றைச் சொன்னார், அதை இங்கே எழுதவில்லை. நான் வெளிச்சம் பிடித்தேன்.

ஸ்ட்ரட் கழன்ற காருக்கு அலைன்மென்ற் கட்டாயம். மொத்தம் 690. எண்ணெய் அடிக்க நவம்பரில் சொன்ன கணக்கு 160.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. கைவிசேஷம் வாங்க வந்த மகன் கேட்டது 17 அங்குல றிம்மை: "அப்பா, எப்ப திரும்பப் போடுறது?" இன்னமும் விடிய 3, 4 பாகை, அவசரமில்லை என்றேன்.

மே 5

பலர் கேட்டுவிட்டீர்கள். 17 றிம்மை விற்கவில்லை, போடவுமில்லை. அதே இரும்பு றிம்மில் கோடை ரயர் போட்டு ஓடுகிறேன். மகன் என் காரில் ஏறிப் பள்ளிக்கூட வாசல் வரை வருவதில்லை, ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்கிறான்.

15க்குப் போவேனா என்று கேட்டவருக்கு: அண்ணையிடம் ஒரு 15 இருந்தது, போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தோம், எங்கேயும் உரசவில்லை. ஆனாலும் இப்போதைக்கு வேண்டாம். அந்தக் காசுக்கு ஒக்ரோபர் 19க்கு எண்ணெய் அடிக்க நாள் எடுத்துவிட்டேன். இடது பின் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றையும் நேற்றுப் படுத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் பெயின்ற் உரிந்திருக்கிறது, சின்னவிரல் நகம் அளவு. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

100 கி.மீ. ஓடிவிட்டு நட்டு எல்லாம் பார்த்தாயிற்று. முன் வலதில் ஒன்று இறுக்கும்போது கொஞ்சம் சுற்றினது.